ஒரு குழிகூடத் தரிசில்லை

கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் தூரத்து உறவு. பாயசம் வரும்வரை பொறுத்திருந்தார். அப்புறம் மெல்லச் சாய்ந்து கேட்டார்: "ஏம்மா, இப்பல்லாம் ஒரு உயிருக்கு என்ன போகுது?"

மூட்டை என்ன விலை போகிறது என்று நெல் வியாபாரியிடம் கேட்கிற அதே குரல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரோட உயிருன்னு சொல்லுங்க, கணக்குப் பாத்துச் சொல்றேன். உங்களுதுன்னா அறுபது தாண்டியாச்சு, பெரிசாத் தேறாது" என்றேன். மனிதர் பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். வீடு வந்து சேரும்வரை என் வீட்டுக்காரர் என்னை விடவில்லை. "போற எடத்துல எல்லாம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?" இருக்க மாட்டேன். ஆனால் நான் அவரிடம் சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

தஞ்சாவூர் கோர்ட்டில் விபத்து வழக்கு நடத்துகிறவள் நான். சாலையில் ஆள் அடிபட்டுச் செத்தால் அந்தக் குடும்பம் என்னைத் தேடி வரும். இடித்த லாரிக்கோ பஸ்ஸுக்கோ இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி எதிரே நிற்கும். நடுவில் நடப்பது எல்லாம் கணக்குத்தான். செத்தவர் மாதம் எவ்வளவு சம்பாதித்தார்? பன்னிரண்டால் பெருக்கு. உயிரோடு இருந்தால் தனக்கென்று கொஞ்சம் செலவழித்திருப்பார் அல்லவா, மூன்றில் ஒரு பங்கைக் கழி. வயதுக்கென்று ஓர் எண் உண்டு, மல்டிப்ளையர் என்போம். இள வயசென்றால் பெரிய எண், வயசு ஏற ஏறக் குறையும். அதால் பெருக்கு. சடங்குச் செலவுக்கு ஒரு தொகை, தாலி போனதற்கு ஒரு தொகை, கூட்டிக்கொள். செல்போனில் தட்டினால் ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்.

இந்த மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பதுதான் பெண்களுக்குத் தொண்டையில் இறங்காது. "அவரு தனக்குன்னு ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லீங்க, எதுக்குக் கழிக்கிறீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள், ஏதோ கழித்ததை நான் வீட்டுக்கு எடுத்துப்போவது மாதிரி. சம்பாதித்ததில் பாதிக்கு மேல் ஒயின்ஷாப்பில் கொடுத்துவிட்டு வந்தவனுக்கும் அதே மூன்றில் ஒரு பங்குதான் கழிப்பார்கள். டீ குடிக்காதவனுக்கும் அதேதான். இதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும் என்று நான் சொல்வதில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இதையெல்லாம் ஆரம்பித்தேன்.

அவர் புருஷனுக்கு அஞ்சு மா நிலம். எங்கள் பக்கத்தில் ஏக்கர் என்று வாயில் வராது. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஓர் ஏக்கர். ஆக, இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை, உழவு ஓட்டுவது தவிர மற்ற எல்லா வேலையும் அவரே செய்வார். வயசு நாற்பதை அப்போதுதான் தாண்டியிருந்தது. புரட்டாசி மாதம், சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார். நடவுக்கு முன்னால் போட ஒரு மூட்டை டிஏபி வாங்கி, மொபெட்டின் முன்பக்கம் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த மணல் லாரி திருப்பத்தில் அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டார். உர மூட்டை கிழிந்து ரோடு முழுக்கக் கொட்டிக் கிடந்ததாக எஃப்ஐஆரில் இருக்கிறது.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா மூத்த மகளோடு என் ஆபீஸுக்கு வந்தார். பெண்ணுக்கு நர்சிங் முதல் வருஷம். சின்னவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். சொசைட்டியில் பயிர்க்கடன், அடகில் நகை, பெண்ணைச் சேர்த்த வகையில் வெளியே வாங்கிய கடன். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"நிலத்தை விக்காம இருக்கணுங்க வக்கீலம்மா. கேஸு பணம் வந்து கடன் அடைஞ்சுட்டாப் போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

எனக்கு அப்போதே ஒரு பயம் இருந்தது. நிலக்காரன் செத்தால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. சம்பளக்காரன் செத்தால் சம்பளம் நின்றுவிடும், யாரும் மறுக்க முடியாது. நிலம் உள்ளவன் செத்தால், நிலம் எங்கேயும் போகவில்லையே, அங்கேயேதானே கிடக்கிறது, அதில் விளைகிறதே, பிறகு என்ன நஷ்டம் என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும். ஆள் போனதால் போனது மேற்பார்வை மட்டும்தான், அதற்கு ஏதோ ஒரு தொகையைப் போட்டுவிட்டால் போதும் என்பார்கள். அவர் போனதோடு வருமானமும் போனது என்று நாம் காட்ட வேண்டும்.

அதனால் சாட்சி சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். "லாரி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க, உங்களுக்குத் தெரியாது, நீங்க பாக்கல, அதைச் சொல்லுங்க. நிலத்தைப் பத்திக் கேட்டா, அவரு இல்லாம பயிர் பண்ண ஆளில்ல, திண்டாடுறோம்னு சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. அதானே உள்ளது?"

"அதாங்க உள்ளது" என்றார். இரண்டாம் முறை கேட்டபோதும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார். நானும் நம்பினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் திருவையாற்றுப் பக்கத்துக்காரர். பொல்லாத ஆள் என்று சொல்ல முடியாது. கோர்ட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நின்றாலும் அவருக்கும் சொந்தமாக நிலம் உண்டு. காலையில் வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கறுப்புக் கோட்டை மாட்டுவார். சில நாள் பேண்ட் விளிம்பில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். தைப் பொங்கல் கழிந்ததும் தன் வயல் பொன்னி அரிசியில் ஒரு சின்ன மூட்டை எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். இத்தனை வருஷமாக எதிர் எதிரே நின்று கத்திவிட்டுச் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள் நாங்கள்.

அன்றைக்கு அந்த அம்மா கூண்டில் ஏறினார். முதலில் ஹெல்மெட், லைசென்ஸ், மொபெட்டில் மூட்டை ஏற்றலாமா என்று வழக்கமான கேள்விகள். அந்த அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே பதில் சொன்னார். எனக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டை மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறியது. கோர்ட்டுக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் நின்று பேசுகிற குரலை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு நல்ல வெவசாயின்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

"அஞ்சு மாவும் ஆத்துப் பாசனமா?"

"ஆமாங்க. நல்ல வயலுங்க."

"அவரு போனதும் அவ்வளவு நல்ல வயலைத் தரிசாப் போட்டுட்டீங்களாமே. ஊர்ல பேசிக்கிறாங்க."

நான் எழுந்தேன். எழுந்து வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற அந்த அம்மா நிமிர்ந்துவிட்டார்.

"யாருங்க பேசுனது? எவ வாயி அது? ஒரு குழி, ஒரே ஒரு குழி தரிசாக் கெடக்குதான்னு வந்து பாருங்க. இப்பவே வாங்க, காட்டுறேன்!"

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"கோவப்படாதீங்கம்மா" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், ரொம்பத் தன்மையாக. "காதுல விழுந்துச்சு, கேட்டேன். அப்ப நடவு நட்டீங்க?"

"நட்டோம். அறுத்தோம்."

"கண்டுமுதல் எப்படி? கம்மியாத்தான் இருந்திருக்கும். ஆம்பளை இல்லாத வயலு."

"அவரு இருந்தப்பக் கண்டதைவிட மாவுக்கு ஒரு மூட்டை கூடக் கண்டுச்சுங்க!"

வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சில் ஏறியது. "என் கணவர் இறந்த பிறகு நிலம் தரிசாகக் கிடக்கவில்லை என்றால் சரிதான். முன்பைவிடக் கூடுதலாகக் கண்டுமுதல் கிடைத்தது என்றால் சரிதான்." எங்கள் கோர்ட்டுத் தமிழில் எதிராளி வாயில் போட்டதை ஒப்புக்கொண்டால் இப்படித்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு சரிதானுக்கும் அந்த அம்மா தலையை வேறு ஆட்டினார்.

மறு விசாரணைக்கு எழுந்தேன். எதிர்த்தரப்பு கிளறியதைச் சரிசெய்ய நமக்குக் கிடைக்கிற கடைசி வாய்ப்பு அது.

"அந்த நடவை யாரும்மா நட்டாங்க?"

"ஊரு நட்டுக் குடுத்துச்சுங்க."

"கூலி குடுத்தீங்களா?"

"யாருங்க வாங்குவாங்க? துக்க வீட்ல வந்து கூலியா வாங்குவாங்க?"

எனக்குத் தெம்பு வந்தது. இரக்கப்பட்டு ஒரு தடவை செய்த உதவி என்று காட்டிவிட்டால் போதும். நீதிபதி தட்டச்சுக்காரருக்குச் சொன்னார்: "ஊரார் உதவியுடன் சாகுபடி செய்யப்பட்டது. அதற்குக் கூலிச் செலவு இல்லை." அடக் கடவுளே, இது இன்னும் மோசமாகப் போகிறதே! "அந்த ஒரு போகத்துக்கு மட்டும்தான்னு சேத்துக்கணும்" என்றேன். "சாட்சி அப்படிச் சொல்லலியே மேடம். கேளுங்க" என்றார் நீதிபதி. நியாயம்தான். கேட்டேன்.

"ஏம்மா, வர்ற போகத்துக்கும் அதே மாதிரி கூலி வாங்காம வருவாங்களா?"

வர மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார், கோர்ட்டில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஜனங்களைப் பார்த்தார். வயலைத் தரிசாகப் போகவிட்ட ஊர் என்று நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியதோ என்னவோ.

"கூப்பிட்டா வருவாங்க. எங்க ஊரு நல்ல ஊருங்க" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நான் கத்திய கத்தலில் ஜாமீனுக்கு வந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! திண்டாடுறோம்னு சொல்லுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்! மாவுக்கு ஒரு மூட்டை கூடக் கண்டுச்சாம்! எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டிக் கவுத்துட்டீங்களே!"

"அம்மாவைத் திட்டாதீங்க மேடம்" என்றாள் மகள்.

"நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க" என்றார் அந்த அம்மா. அழவில்லை. "நானும் அதைச் சொல்லணும்னுதான் ஏறுனேன். ஆனா அவரு எல்லார் முன்னாடியும் தரிசுன்னு கேட்டுட்டாருங்களே. நான் என்ன பண்ண?"

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் செத்து வீட்டில் கிடத்தியிருந்தபோதே நாற்று நடவுக்குப் பருவமாகிவிட்டது. காரியம் எல்லாம் முடியட்டும் என்று விட்டால் முற்றிப்போகும். அவர் கையால் தெளித்த விதை வீணாகப் போகலாமா என்று ஊர்ப் பெண்கள் தாங்களாகவே நாற்றைப் பறித்து முடி கட்டி, நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டிராக்டர் வைத்திருந்தவர் சும்மா ஓட்டிக் கொடுத்திருக்கிறார். மகள் காலேஜுக்குப் போகாமல் மடையடியில் நின்று தண்ணீர் பார்த்திருக்கிறாள்.

"ரோட்டுல கொட்டிக் கெடந்துச்சுங்களே டிஏபி, அவரு வாங்கிட்டு வந்தது. அதைப் பொம்பளைங்க போயி, ரத்தம் படாததாப் பாத்து முந்தானையில அள்ளிக்கிட்டு வந்தாங்க. அதைத்தாங்க வயலுக்குப் போட்டோம். அந்த வெளைச்சலைப் போயிக் கம்மின்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

மகளிடம் காசைக் கொடுத்து மூன்று டீ வாங்கி வரச் சொன்னேன். அந்த அம்மா குடித்தார், டம்ளரை ஓரமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், பஸ்ஸுக்குப் போனார்கள்.

சாயங்காலம் அந்த வக்கீலை டீக்கடையில் பிடித்தேன். "சார், அந்தக் கேள்வி உங்களுக்கு எப்படித் தோணுச்சு? ஊர்ல யாரு பேசிக்கிட்டாங்க? ஊரு எந்தப் பக்கம்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"யாரும் பேசல மேடம்" என்றார். மறைக்கவில்லை. "எங்கம்மாவைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. எந்த வெவசாய வீட்டுப் பொம்பளையும் ஆமாம், தரிசாப் போட்டுட்டேன்னு சொல்ல மாட்டா."

"அப்ப உங்கம்மாவையே கூண்டுல ஏத்திக் கேட்டிருக்க வேண்டியதுதானே?"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். நான் அதற்காக வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தமில்லை. ஒரு வக்கீலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான கேள்விதான். வெளியூர்க்காரன் எவனுக்கும் தோன்றியிருக்காது. வெளியூர்க்காரன், நிலத்தில் வருமானம் வருகிறதா என்று கேட்டிருப்பான், அந்த அம்மா திண்டாடுகிறோம் என்று சொல்லியிருப்பார். சேறு தெரிந்தவனுக்குத்தான் எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தீர்ப்பு வந்தது. லாரிமேல்தான் தப்பு என்று சொன்னது, அதில் குறையில்லை. பணம் என்று வரும்போது, இறந்தவரின் நிலம் அப்படியே குடும்பத்தின் வசம் இருக்கிறது, சாகுபடியும் தொடர்கிறது, கண்டுமுதல் குறையவில்லை என்று முதல் மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே இழப்பு மேற்பார்வை அளவில் மட்டுமே என்று எழுதியிருந்தது. அந்த மேற்பார்வைக்கு மாதம் ஒரு தொகை போட்டு, மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் பெருக்கியிருந்தார்கள்.

மேற்பார்வையாம்! குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றானா அந்த மனுஷன்? விடியுமுன் மடை திறக்கப் போனவன். வரப்பு வெட்டியவன், நாற்று முடியைத் தலையில் சுமந்தவன், களை பறித்தவன், மருந்து அடித்தவன், அறுத்த நெல்லுக்குக் களத்தில் காவல் படுத்தவன். காலில் சேற்றுப்புண் ஆறாமல் வெள்ளை வெள்ளையாக இருக்கும் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். மேற்பார்வைக்குப் போட்ட தொகை, எங்கள் பக்கத்தில் தினக்கூலிக்குப் போகிறவனுக்கு வழக்கமாகக் கோர்ட்டு போடுகிற தொகையைவிடக் குறைவு. ஒரு குழி நிலம் இல்லாமல், அடுத்தவன் வயலில் கூலிக்குப் போகிறவனாகச் செத்திருந்தால் அவர் குடும்பத்துக்கு இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். அஞ்சு மா வைத்திருந்தார், அதனால் மலிந்துபோனார். இதை எந்த வாயால் நான் அந்த அம்மாவிடம் சொல்வேன்? ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் எப்படி விடுவது.

"அப்ப நிலம்தான் அவரைக் கொறைச்சிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"கடன் அடையுங்களா இதுல?"

சின்னவளின் பங்கை அவளுக்குப் பதினெட்டு வயசாகும்வரை பாங்கில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தது. கைக்கு வருவதில் நகையை மீட்கலாம், வெளிக்கடனில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். மற்றது அப்படியே நிற்கும். மதுரைக்கு அப்பீல் போகலாம் என்றேன். "போங்க" என்றார். போனோம். கட்டு மதுரையில் எந்த அலமாரியில் இருக்கிறதோ, இன்னும் விசாரணைக்கு எடுக்கவில்லை.

அந்தத் தையில் வழக்கம்போலத் திருவையாற்றிலிருந்து அரிசி வந்தது. வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினேன். "அரிசி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பொன்னிச் சோறு ரொம்பப் பிடிக்கும். மறு வருஷம் அந்த வக்கீல் அனுப்பவில்லை. கோர்ட்டில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

அந்த அம்மா சில வருஷம் வரவில்லை. போன் போட்டால் மகள் எடுப்பாள், "அம்மா வயலுக்குப் போயிருக்காங்க மேடம்" என்பாள். ஒரு நாள் போன் வேலை செய்யவில்லை. நானும் மற்ற கட்டுகளில் மூழ்கிவிட்டேன். எங்கள் ரோடுகளில் ஆள் சாவதற்கு ஓய்வு ஏது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் அவராகவே ஆபீஸுக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். அப்பீல் என்னாச்சு என்று கேட்கத்தான் வந்தேன் என்றார். இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். சரி என்று தலையாட்டினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

மறு போகத்துக்கு ஊர்ப் பெண்கள் வந்தார்கள், கூலிக்கு வந்தார்கள். கூலி கேட்டதில் அவருக்குக் குறையில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. வரப்பு வெட்டக் காசு, நடவுக்குக் காசு, அறுக்கிற மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. புருஷன் ஒருவராகச் செய்ததற்கெல்லாம் காசு கொடுத்தபோதுதான் அவர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. கடனுக்காக இரண்டு மாவை விற்றார். மூத்தவளை எப்படியோ நர்சிங் முடிக்க வைத்து, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அந்தப் படிப்புக்கும் பழைய வட்டிக்கும் சேர்த்து மீதி மூன்று மாவும் போய்விட்டது.

"முழுசாவாம்மா?"

"முழுசாத்தாங்க. வரப்பு கூட இல்ல." காலி டம்ளரை மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு கேக்கணுங்க. நிலம் அப்படியே இருக்குன்னுதானே அவரைக் கொறைச்சாங்க? இப்பத்தான் நிலம் இல்லியே. இனிமேலாவது அவரை முழுசாச் சேத்துப்பாங்களா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "சேத்துக்க மாட்டாங்கம்மா" என்றேன். "வித்த காசை வாங்கிக்கிட்டீங்கல்லன்னு கேப்பாங்க."

"அதுவும் சரிதாங்க" என்றார்.

சரிதான் என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வாங்கியவர்கள் அந்த வயலில் இப்போது என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். என் வாய் அப்படி.

"ஒண்ணும் போடலீங்க. வாங்குனவரு மெட்ராஸ்ல இருக்காரு. மனை போடுறதுக்குச் சுத்தி மஞ்சக் கல்லு நட்டு வச்சிருக்காங்க, எருக்கு மொளைச்சுக் கெடக்கு." நிறுத்தினார். "தரிசாக் கெடக்குங்க."

நான் மேஜையில் இருந்த கட்டை இழுத்து நேராக வைத்தேன். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அன்னைக்குக் கேட்டாரே, அந்த வக்கீலு இன்னும் கோர்ட்டுக்கு வர்றாருங்களா?"

"வர்றாரும்மா."

"அந்தக் கேள்விய இப்பக் கேக்கச் சொல்லுங்க. ஆமான்னு சொல்றேன்."